எங்க தெருவுல மட்டும் திருவிழா வரி வாங்க மாட்டேங்குறாங்க, பங்குல இதை எப்படி கேக்குறது?

வேப்பமரத்தடி:
எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சிட்டு மட்டும்தான் இருக்கேன், எழுதறது இதான் மொத தடவ. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்க ஊரு பழைய கத்தோலிக்க பங்கு (ஒரு கோயிலுக்கு உட்பட்ட சபைய அப்படித்தான் சொல்லுவோம்), அதுல எங்களுது தலித் கிறிஸ்தவங்க இருக்கற தெரு. மறைமாவட்டம், ஊரு, கோயில் பேரு எதுவும் போடல, போட்டா நாளைக்கு அங்க இருக்கப்போறது எங்கம்மாதான். கோயில் ஒண்ணு, மாதா ஒண்ணு, பூசை வைக்கிற சாமியாரும் ஒருத்தர்தான், ஆனா கல்லறை ரெண்டு, நடுவுல இடுப்பளவு சுவரு, அதை யாரு எப்ப கட்டுனாங்கன்னு எங்க தெருவுல யாருக்கும் ஞாபகம் இல்ல. சவப்பெட்டிய வச்சு கல்லறைக்கு தள்ளிட்டு போற தூம்பா வண்டியும் ரெண்டு. போன தவக்காலத்துல எங்கப்பா தவறிட்டார். எங்க தெருவுக்குன்னு இருக்கற தூம்பால முன்சக்கரம் ஒண்ணு ஆடும், அதனால பாதி தூரம் தள்ளிட்டு போய் மீதி தூரம் ஆளுங்க தூக்கிட்டுத்தான் போனாங்க. அந்த நல்ல வண்டி கோயில் பக்கவாட்டு ஷெட்டுல தார்ப்பாய் போட்டு நின்னுட்டு இருந்துச்சு, நாங்க அதைத் தாண்டித்தான் போனோம். என் பையனுக்கு 9 வயசு, "அம்மா அது ஏன் எடுக்கல"ன்னு கேட்டான். ரிப்பேரா இருக்கும்பான்னு சொன்னேன். பொய் சொன்னது இன்னும் உறுத்துது.

ஆனா நான் எழுத வந்தது அதைப் பத்தி இல்ல. முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு அப்பாவோட டிரங்கு பெட்டிய ஒழுங்கு பண்ணப்ப நீல அட்டை போட்ட நாப்பது பக்க நோட்டு ஒண்ணு கெடச்சுது. எங்க ஊர்ல திருவிழாவுக்கு தலைக்கட்டு வரி உண்டு, கொடியேத்தத்துக்கு பதினஞ்சு நாள் முன்னாடி கமிட்டில இருந்து வீடு வீடா வந்து வாங்கி ரசீது போடுவாங்க. எங்க தெருவுக்கு மட்டும் வர மாட்டாங்க. வெளில இருந்து பாக்கறவங்களுக்கு இது ஏதோ சலுகை மாதிரி தெரியும், ஏழைங்கன்னு விட்டுட்டாங்க போலன்னு. அப்படி இல்லைங்க. வரி குடுத்தாத்தான் மண்டகப்படி கேக்க முடியும், வரி குடுத்த தெருவுக்குத்தான் தேரு வரும், வரி குடுத்தவன்தான் கமிட்டில உக்கார முடியும், கூட்டத்துல எந்திரிச்சு ஒரு வார்த்த பேசுனா மொத கேள்வியே நீ வரிக்காரனான்னுதான். வாங்காம விட்டாலே போதும், மிச்சம் எல்லாம் தானா அடைபட்டுரும்.

அப்பா ஒவ்வொரு வருஷமும் பணத்த எடுத்துட்டு கமிட்டிக்கு போயிருக்கார். நோட்டுல இப்படி இருக்கு:

1994 – 20 ரூ. வாங்கல. உண்டியல்.
1995 – 20 ரூ. வாங்கல. உண்டியல்.

இதே மாதிரி வருஷா வருஷம். 2009-ல 200 ஆயிருக்கு. 2020-ல மட்டும் "கொரோனா, தேர் இல்லை"ன்னு இருக்கு. கடைசி வரி 2024 – 1000 ரூ. வாங்கல. உண்டியல். முப்பது வருஷத்துல ஒரு தடவ கூட இதைப் பத்தி அவரு வீட்ல பேசினது இல்ல. அம்மாவுக்கே தெரியாது.

நான் கோயம்புத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரில நர்ஸா இருக்கேன். இங்க பங்குல நான் எந்த தெருன்னு யாரும் கேக்கல, பூசைல வாசகம் வாசிக்கிறேன், அன்பியத்துல (பக்கத்து வீட்டுக்காரங்க சேந்து ஜெபிக்கிற குழு) இருக்கேன், என் விசுவாசம் எங்கயும் போகல. ஆனா இந்த வருஷம் செப்டம்பர் திருவிழாவுக்கு அந்தப் பணத்த நான் கொண்டு போய் குடுக்கணும், அவங்க வாங்கணும், ரசீது போடணும். அது எப்படி நடக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஆயருக்கு (பிஷப்புக்கு) எழுதறதா, கோர்ட்டுக்கு போறதா, இல்ல எங்கம்மா சொல்ற மாதிரி விட்டுடறதா?

ஜெபமாலை73:
உங்க அப்பாவுக்காக இன்னிக்கு பூசைல வேண்டிக்கிட்டேன்மா. அந்த நோட்ட படிச்சப்ப கண்ணு கலங்கிருச்சு. ஆனா ஒரு மூத்தவளா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உண்டியல்ல போட்டது ஆண்டவருக்கு தெரியாமலா போயிருக்கும்? ஏழை விதவை ரெண்டு காசு போட்டத இயேசுதான பாத்து சொன்னாரு. ரசீது மனுசங்க குடுக்கறது. இந்த வேதனைய அப்படியே பாடுகளோட சேத்து ஒப்புக்குடுத்துருங்க, உங்க அப்பா அப்படித்தான் செஞ்சிருக்கார்.

வேப்பமரத்தடி:
அம்மா, கோவம் இல்ல. நீங்க சொல்ற மாதிரி ஒப்புக்குடுத்துத்தான் அவரு முப்பது வருஷம் வாழ்ந்தாரு. ஆனா நீங்க சொன்ன அதே நற்செய்தில அந்த விதவை காணிக்கை போடறப்ப கைய புடிச்சு தடுத்தவங்க யாரும் இல்லையே. எங்கப்பா கைய ஒவ்வொரு வருஷமும் தடுத்தாங்க. மத்தேயு 5-ல பீடத்துக்கு முன்னாடி காணிக்கைய வச்சிட்டு மொதல்ல உன் சகோதரனோட சமாதானமாகிட்டு வான்னு இருக்கு. அந்த வார்த்த எங்க தெருவுக்கு மட்டும் சொன்னதா?

ஜெபமாலை73:
இல்லம்மா. சொன்னது எல்லாருக்கும்தான். நான் அந்த மாதிரி யோசிக்கல, மன்னிச்சுக்கோங்க.

பொருநைக்கரை:
தங்கச்சி, நான் வடக்கன்குளம் பக்கத்து ஆளு, வயசு 60 தாண்டிட்டு. எங்க ஊர் கதைய சொல்லுதேன், ஒனக்கு ஒரு தைரியம் வரும்.

எங்க திருக்குடும்ப ஆலயம் 1872-ல கட்டுனது. கால்சட்டை மாதிரி கோயிலையே ரெண்டு கையா பிரிச்சு கட்டிருந்தாவ, பீடத்துகிட்ட வந்து ரெண்டும் சேரும். வெள்ளாளர் ஒரு கையில, நாடாரும் மத்தவங்களும் இன்னொரு கையில. பீடத்துல நிக்கிற சாமியாருக்கு ரெண்டு பக்கமும் தெரியும், ஆனா இந்தப் பக்கத்துல முழங்கால் போட்டவனுக்கு அந்தப் பக்கத்துல முழங்கால் போட்டவன் தெரிய மாட்டான். அப்படி ஒரு கோயில கட்டி அதுல நற்கருணையும் வாங்கிருக்காவ, யோசிச்சுப் பாரு. 1910-ல கௌசானல் சாமியார் அந்தச் சுவர இடிச்சாரு, ஆயர் பார்த் ஆண்டகை அவருக்கு பின்னாடி நின்னாரு. ஊரே ரெண்டு பட்டுச்சு. வெள்ளாளர் கேஸ் போட்டாவ, மைக்கேல் பிள்ளை எதிர் ஆயர் பார்த்னு மெட்ராஸ் ஐகோர்ட் வரைக்கும் போச்சு, கடைசில தோத்துட்டாவ. கிறிஸ்தவன் ஆன பொறவு சாதிய சொல்லி கோயிலுக்குள்ள தனி எடம் கேக்க முடியாதுங்கது வெள்ளக்காரன் காலத்துலயே முடிஞ்ச விஷயம்.

இன்னொண்ணு. புனித தேவசகாயம் ஞானஸ்நானம் வாங்குனது எங்க வடக்கன்குளத்துலதான், 1745-ல. நட்டாலத்துல பெரிய குடும்பத்துல பொறந்த மனுசன், அரண்மனை உத்தியோகம், ஞானஸ்நானம் வாங்குன பொறவு எல்லா சாதிக்காரனோடயும் ஒண்ணா பழகுனாரு, அதுவும் அவர் மேல இருந்த ஆத்திரத்துக்கு ஒரு காரணம். 1752-ல காற்றாடிமலைல சுட்டுக் கொன்னாவ. 2022 மே 15 போப் பிரான்சிஸ் புனிதர்னு அறிவிச்சாரு. அதுக்கு முந்தி அவர் பேருக்கு பின்னால ஒட்டிக்கிட்டு இருந்த சாதிப் பேர எடுக்கணும்னு இங்க இருந்து மனு போச்சு, வத்திக்கான் அத ஏத்து எடுத்துட்டு. ரோமாபுரில இருந்து ஒரு புனிதர் பேர்ல உள்ள சாதிய எடுக்க முடியும்னா ஒங்க ஊர் ரசீது புக்குல ஒரு பேர சேக்க முடியாதா?

கடலோரக்காத்து:
இந்த இழைய நிர்வாகிங்க மூடிட்டா நல்லதுன்னு நெனைக்கிறேன். எழுதுன சகோதரிக்கு நடந்தது தப்பு, அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா இப்ப நாடு இருக்கற நிலைமை தெரியாதா? வடக்க ஜெபக்கூட்டத்துக்குள்ள புகுந்து அடிக்கிறாங்க, மதமாற்ற தடைச் சட்டம்னு சாமியார்களையும் சிஸ்டர்களையும் புடிச்சு உள்ள போடுறாங்க. இந்த நேரத்துல நாமளே நம்ம கோயில்ல சாதி இருக்குன்னு பொதுவெளில எழுதுனா ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்க கொண்டு போய் போடுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். குடும்ப விஷயத்த குடும்பத்துக்குள்ள பேசுவோம்.

வேப்பமரத்தடி:
அண்ணா, நீங்க பயப்படறது நியாயம், எனக்கும் அந்த பயம் இருக்கு, அதனாலதான் ஊர் பேர் போடல. ஆனா குடும்பத்துக்குள்ளன்னா எங்கன்னு சொல்லுங்க, அங்க போய் பேசுறேன். கமிட்டில எங்களுக்கு இடம் இல்ல. பங்குப்பேரவைல எங்க தெருவுக்கு ரெண்டு பேரு, அவங்களும் திருவிழா விஷயம்னா அது கமிட்டி பாக்கும்னு உக்கார வச்சிருவாங்க. முப்பது வருஷம் எங்கப்பா குடும்பத்துக்குள்ளதான் பேசிப் பாத்தாரு.

கறுப்புகோட்டு:
நான் வக்கீல், கத்தோலிக்கன், ரெண்டா இருந்தும் சொல்றேன். கடலோரக்காத்து சொல்றதுல ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போகுது. நாம மூடி வச்சா எதிரிக்கு தெரியாதுன்னு நெனைக்கிறோம், எல்லாம் கோர்ட் பதிவுலயே கெடக்கு. 1950 ஆகஸ்ட் 10 ஜனாதிபதி ஆணை, மூணாவது பத்தி, இந்து இல்லாதவங்க பட்டியல் சாதில வர மாட்டாங்கன்னு சொல்லுது. 1956-ல சீக்கியர சேத்தாங்க, 1990-ல பௌத்தர சேத்தாங்க, கிறிஸ்தவனும் முஸ்லிமும் இன்னும் வெளிலதான். சூசைன்னு ஒருத்தர், மெட்ராஸ்ல ரோட்டோரம் உக்காந்து செருப்பு தைக்கிறவரு, அரசாங்கம் செருப்பு தைக்கிறவங்களுக்கு பங்க் கடை குடுத்தப்ப நீ கிறிஸ்தவன்னு அவருக்கு குடுக்கல. சுப்ரீம் கோர்ட் போனாரு. 1985-ல தீர்ப்பு. மதம் மாறின பிறகும் அதே அளவு கொடுமை கிறிஸ்தவ சமூகத்துக்குள்ளயும் தொடருதுன்னு ஆதாரத்தோட காட்டலன்னு சொல்லித் தள்ளுபடி பண்ணிட்டாங்க.

இத நல்லா கவனிங்க. உள்ள சாதி இருக்குன்னு ஆதாரம் காட்டுனாத்தான் வெளில உரிமை கெடைக்கும். 2004-லேருந்து சுப்ரீம் கோர்ட்டுல இந்த விஷயம் நிலுவைல இருக்கு. 2007-ல ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் அந்த மூணாவது பத்தியவே எடுத்துருங்கன்னு சொல்லுச்சு, 2022-ல இதையே ஆராய பாலகிருஷ்ணன் கமிஷன் போட்டாங்க, 2023 ஏப்ரல்ல தமிழ்நாடு சட்டசபையும் தீர்மானம் போட்டுச்சு. வருஷா வருஷம் ஆகஸ்ட் 10 நம்ம ஆயர்கள் கறுப்பு தினம்னு கூட்டம் போடுறாங்க, நானும் போறேன், மைக்குல எல்லாரும் அரசாங்கத்துகிட்ட சொல்றது மதம் மாறினாலும் சாதி போகலங்கறதுதான். அதே மேடைல இருந்து எறங்கி வீட்டுக்கு வந்தா நம்ம பங்குல சாதி பேசாதீங்கன்னு சொல்ல முடியுமா? இந்தத் தங்கச்சியோட அப்பா நோட்டு இருக்கே, நாப்பது பக்கம், அதுதான் 1985-ல சூசைகிட்ட இல்லாம போன ஆதாரம்.

இப்ப கேட்ட கேள்விக்கு. வன்கொடுமை தடுப்புச் சட்டத்துல போக முடியாது, சட்டத்தோட கண்ணுல நீங்க பட்டியல் சாதி கெடையாது, தமிழ்நாட்டுல பிற்படுத்தப்பட்டோர்தான். ஆனா அரசியல் சட்டம் 17-வது பிரிவு தீண்டாமைய ஒழிச்சிருக்கு, அதுல மதத்தோட பேரு எதுவும் இல்ல. கும்பகோணம் மறைமாவட்டத்துல கோட்டப்பாளையம் பங்கு மக்கள் கிட்டத்தட்ட உங்க பிரச்சினையவே, வரி, தேரு, கல்லறை, எல்லாத்தையும் எடுத்துட்டு ஐகோர்ட் போய் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்காங்க, 2025 பிப்ரவரில நோட்டீஸ் போயிருக்கு. கோர்ட் வழி இருக்கு, ஆனா நீளமான வழி. உங்களுக்கு இந்த செப்டம்பர் முக்கியம்னா மொதல்ல வேற வழி பாப்போம். திருச்சபைச் சட்டம் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா வாங்க.

மேலத்தெருபையன்:
ரெண்டு நாளா இத எழுதி எழுதி அழிக்கிறேன். நான் உங்க ஊரு இல்ல அக்கா, ஆனா இதே மாதிரி ஒரு ஊருல அந்தப் பக்கத்து ஆளு. எங்க பெரியப்பா திருவிழா கமிட்டில இருபது வருஷமா இருக்கார்.

உள்ள என்ன பேசுறாங்கன்னு சொல்றேன். இந்தக் கோயிலுக்கு நெலம் குடுத்தது நம்ம தாத்தா, சுண்ணாம்பு அரைச்சது நம்ம ஆளுங்கம்பாங்க. (சுண்ணாம்பு அரைச்சது யாருன்னு எனக்கு இப்ப சந்தேகமா இருக்கு, பெரியப்பா வாழ்க்கைல அரைச்சிருக்க மாட்டார்.) இன்னிக்கு வரி வாங்குனா நாளைக்கு மண்டகப்படி கேப்பான், மறுநாள் தேர எங்க தெருவுக்கு கொண்டு வாம்பான், அப்புறம் பொண்ணு கேப்பான். கடைசில எப்பவும் அந்த வார்த்தைலதான் முடியும். வரி, தேரு, கல்லறை எல்லாத்துக்கும் அடில கெடக்கறது கல்யாணம்தான் அக்கா. நானே எங்க வீட்ல ஒரு தடவ கேட்டேன், ரெண்டு பேரும் கத்தோலிக்கர், ரெண்டு பேரும் புதுநன்மை வாங்குனவங்க, கோயில்ல மூணு ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிச்சு கல்யாணம் வச்சா திருச்சபைப்படி என்ன தடைன்னு. எங்கம்மா சாப்பாட்டுத் தட்ட எடுத்துட்டு உள்ள போயிட்டாங்க. ஒரு வாரம் பேசல.

எங்க ஆளுங்க பயப்படற இன்னொண்ணு எறையூர். அங்க 2008 மார்ச்ல தலித் மக்கள் தனிப்பங்கு கேட்டதுல ஆரம்பிச்சு கலவரம் ஆகி போலீஸ் துப்பாக்கிச்சூட்டுல ரெண்டு பேரு செத்துப் போனாங்க. அத சொல்லிச் சொல்லியே சாமியார வாய தொறக்க விடாம வச்சிருக்காங்க. நீங்க கை வச்சா எறையூர் ஆயிரும் ஃபாதர்னு.

நான் என்ன பண்ண முடியும்னு தெரியல. ஆனா நீங்க கேட்டது பெரிய விஷயமே இல்ல, ஒரு ரசீது. அத குடுக்காம இருக்கறதுக்கு எங்க பக்கத்துல ஒரு நியாயமும் இல்லைன்னு எங்க பக்கத்துல இருந்தே ஒருத்தன் எழுதணும்னு தோணுச்சு.

மணல்வீடு:
நான் கத்தோலிக்கத்த விட்டுட்டு பெந்தெகோஸ்தே சபைக்கு வந்து 11 வருஷம் ஆச்சு, இதே காரணம்தான். இங்க பாஸ்டர் கைய புடிச்சு ஜெபம் பண்றார், பக்கத்துல உக்கார்றதுல பிரச்சினை இல்ல. ஆனா சபை ஆளுங்க மாப்பிள்ளை பாக்குறப்ப மட்டும் மேட்ரிமோனில சாதி காலத்த நிரப்புறாங்க. அங்கயும் இது முடியல. மாதாவ விட்டு வந்ததுதான் எனக்கு இன்னும் வலிக்குது, மழ பெஞ்சா வாய் தானா அருள் நிறைந்த மரியேன்னு ஆரம்பிச்சிரும். நீங்க அங்கயே நின்னு கேளுங்கக்கா.

பழையகுருமடம்:
நான் எட்டு வருஷம் குருமடத்துல இருந்தேன், குருப்பட்டம் வாங்காம வெளிய வந்துட்டேன். கறுப்புகோட்டு அண்ணன் கூப்பிட்டது என்ன மாதிரி ஆளத்தான்னு நெனைக்கிறேன்.

திருச்சபை மேலிடம் என்ன சொல்லுதுங்கறதுல குழப்பமே இல்ல. 2003 நவம்பர்ல தமிழ்நாட்டு ஆயர்கள் ரோமுக்கு போனப்ப ரெண்டாம் ஜான் பால் அவங்க முகத்துக்கு நேரா சொன்னாரு, கிறிஸ்தவங்களுக்குள்ள சாதி மனப்பான்மையோட சாயல் இருந்தாலே அது நற்செய்திப் பணிக்கு பெரிய தடைன்னு. 2016 டிசம்பர்ல இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கைன்னு ஒரு புத்தகமே போட்டு, திருச்சபைக்குள்ள தீண்டாமை இருக்குன்னு அவங்களே எழுத்துல ஒத்துக்கிட்டாங்க. நாட்டுல இருக்கற கத்தோலிக்கர் கிட்டத்தட்ட 1.9 கோடி, அதுல 1.2 கோடி தலித்னு அதுலயே இருக்கு. அவ்ளோ பேரு இருந்தும் மொத தலித் கர்தினால் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, அது நடந்தது 2022 ஆகஸ்ட்ல. நவம்பர்ல ரெண்டாவது ஞாயிறு தலித் விடுதலை ஞாயிறுன்னு எல்லா கோயில்லயும் பேனர் கட்டுவாங்க, நானே கட்டிருக்கேன், ஏணி புடிச்சுட்டு நின்ன பையன் கீழத்தெரு பையன், அவன் தெருவுக்கு அந்த வருஷமும் தேரு போகல.

சிக்கல் எங்கன்னா, கொள்கை மேல இருக்கு, கமிட்டி கீழ இருக்கு, நடுவுல பங்குச்சாமியார் ஒத்தையா நிக்கிறார். அவரு அஞ்சு வருஷம் இருந்துட்டு மாறிப் போற ஆளு, கமிட்டி தலைமுறையா இருக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒரு ஃபாதர் கல்லறைச் சுவர் பத்தி பிரசங்கத்துல பேசினாரு, மறுவாரம் கோயில் பூட்டிக் கெடந்துச்சு, சாவி குடுக்கல, மூணு மாசத்துல மாத்தல் வந்துருச்சு. அதுக்கப்புறம் வந்தவரு பேசல. அவர குத்தம் சொல்றது சுலபம். அவரு கூட நிக்க எத்தன பேரு இருந்தாங்கன்னும் கேக்கணும்ல.

இது நேத்து வந்த நோயும் இல்ல. 1606-ல மதுரைக்கு வந்த வெளிநாட்டு சாமியார், தத்துவ போதகர்னு சொல்ற தெ நோபிலி, மேல்சாதிக்காரங்க மதிக்கணும்னு ஒரு சந்நியாசி மாதிரியே வாழ்ந்தாரு, கீழ இருக்கறவங்களுக்கு பின்னாடி பண்டாரசாமிகள்னு தனியா ஆளு வந்தாங்க. எல்லாரும் உள்ள வரட்டும், பிறகு பாத்துக்கலாம்னு அன்னிக்கு நெனச்சாங்க. அந்தப் பிறகு இன்னும் வரல.

சரி, இப்ப கேட்ட விஷயம். பிரசங்கத்துக்கோ சமாதானப் பேச்சுவார்த்தைக்கோ போகாதீங்க அக்கா, சட்டத்த புடிங்க. 1983 திருச்சபைச் சட்டத் தொகுப்புல 208 எல்லா விசுவாசியும் மாண்புலயும் செயல்லயும் சமம்னு சொல்லுது, அது எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க, அதால ஒண்ணும் நடக்காது. உங்களுக்கு வேண்டியது 1267. அதோட ரெண்டாவது பிரிவு, திருச்சபை அமைப்புக்கு குடுக்குற காணிக்கைய நியாயமான காரணம் இல்லாம மறுக்க முடியாதுன்னு நேராவே சொல்லுது. மூணாவது பிரிவு, எந்த நோக்கத்துக்குன்னு குடுத்தாங்களோ அந்த நோக்கத்துக்குத்தான் செலவு பண்ணணும்னு சொல்லுது. அப்ப திருவிழாவுக்குன்னு குடுத்தா அது திருவிழா பணம், உண்டியல்ல போடுன்னு சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்ல. அடுத்து 532, பங்கோட சொத்த நிர்வாகம் பண்றவரு பங்குச்சாமியார். கமிட்டி இல்ல. கமிட்டி அச்சடிச்சு வச்சிருக்கற ரசீது புக்குக்கு திருச்சபைச் சட்டத்துல ஒரு இடமும் இல்ல. பங்கு அலுவலகத்துல மறைமாவட்ட தணிக்கைக்கு போற ரசீது புக்கு ஒண்ணு கண்டிப்பா இருக்கும். அதுல ரசீது கேளுங்க. கமிட்டிகிட்ட போகவே போகாதீங்க.

கறுப்புகோட்டு:
இது ரொம்ப சரியான யோசனை. நான் ஒண்ணு சேக்குறேன். எழுத்துல குடுங்க, "திருவிழா தலைக்கட்டு வரி"ங்கற அதே வார்த்தைய போட்டு, பணத்தோட சேத்து, நகல் ஆயர் இல்லத்துக்கு பதிவுத் தபால்ல, ஒப்புதல் அட்டையோட. ஒரே ஆளா போகாதீங்க. வாங்கலன்னா வாங்க மறுத்த காரணத்த எழுத்துல கேளுங்க. நியாயமான காரணம்னு எத எழுதுவாங்க? எழுத முடியாது. அங்கதான் விஷயம் இருக்கு.

கடலோரக்காத்து:
நான் எழுதுனத வாபஸ் வாங்குறேன்னு சொல்லல, ஸ்கிரீன்ஷாட் பயம் எனக்கு இன்னும் இருக்கு. ஆனா அந்த ஏணி புடிச்ச பையன் விஷயம் ரெண்டு நாளா மண்டைக்குள்ள ஓடுது. கடிதம் தட்டச்சு பண்ண உதவி வேணும்னா சொல்லுங்க சகோதரி, நான் டிடிபி சென்டர் வச்சிருக்கேன்.

வேப்பமரத்தடி:
ஏழு வாரம் கழிச்சு வர்றேன். யாருக்கும் தனியா பதில் போடாததுக்கு மன்னிக்கணும், லீவு கெடைக்கல, ஊருக்கு போறதும் வர்றதுமா இருந்தேன்.

மொத தடவ அம்மாவும் நானும் மட்டும் போனோம். ஃபாதர் கடிதத்த ரெண்டு தடவ படிச்சாரு, 1267-ல விரல வச்சுட்டு ரொம்ப நேரம் அமைதியா இருந்தாரு. யோசிச்சு சொல்றேம்மான்னாரு. வெளிய வந்தப்ப அம்மா "அவரும் பாவம்"னாங்க. எனக்கு அன்னிக்கு கோவம்தான் வந்துச்சு.

ரெண்டாவது தடவ தெருவுல மத்தவங்களும் வந்தாங்க, நான் கூப்பிடல, அப்பா நோட்டு விஷயம் பரவி அவங்கவங்களே வந்தாங்க, 23 தலைக்கட்டு. அதுல ஒரு தாத்தா, அப்பாவோட கூட்டாளி, அவரும் வருஷா வருஷம் கொண்டு போயிருக்கார்னு அப்பத்தான் தெரிஞ்சுது, அவருக்கு எழுதத் தெரியாது, அதனால நோட்டு இல்ல. ஆயர் இல்லத்துல இருந்து பதில் கடிதமா எதுவும் வரல, ஒப்புதல் அட்டை மட்டும் வந்துச்சு, ஆனா ஃபாதருக்கு ஃபோன் வந்திருக்குன்னு அவரே சொன்னாரு. என்ன பேசுனாங்கன்னு சொல்லல. அலமாரிய தொறந்து பங்கு ரசீது புக்க எடுத்தாரு, கார்பன் பேப்பர் வச்சாரு, யார் பேர்ல எழுதணும்னு கேட்டாரு. தலைக்கட்டு வரின்னா வீட்டுத் தலைவர் பேரு, அப்பா இல்ல, அம்மா பேருதான் போடணும். அம்மா தன் பேர சொன்னாங்க. ஃபாதர் எழுதிட்டு, பேனாவ மூடாம, கீழ அடைப்புக்குள்ள அப்பா பேரையும் எழுதினாரு. நாங்க கேக்கல.

அன்னிக்கு ராத்திரி அம்மா அந்த நீல நோட்ட எடுத்து 2024-க்கு கீழ எழுதினாங்க. 2025 – 1000 ரூ. வாங்கினாங்க. ரசீது 214.

பிரச்சினை தீரலைங்க. கமிட்டி இந்தப் பணத்த திருவிழா கணக்குல சேக்க மாட்டோம்னுட்டாங்க. ரெண்டு பேரு ராஜினாமான்னு சொல்லிட்டு போயிருக்காங்க, வாட்ஸ்அப்ல ஃபாதர ரொம்ப மோசமா எழுதுறாங்க. தேரு எங்க தெருவுக்கு வராது இந்த வருஷம், கரண்டு கம்பி தாழ இருக்குன்னு காரணம் சொல்லிருக்காங்க, கம்பிய உயர்த்த நாங்க மின்வாரியத்துல மனு குடுத்திருக்கோம். கல்லறைச் சுவரு அப்படியே இருக்கு. தூம்பா விஷயத்துல மட்டும், ஷெட்டு சாவி இனிமே பங்கு அலுவலகத்துல இருக்கும், யார் வீட்டுல சாவு விழுந்தாலும் அந்த வண்டிதான்னு ஃபாதர் ஞாயிறு பூசைல வாசிச்சாரு. பின்னாடி வரிசைல நாலஞ்சு பேரு எந்திரிச்சு வெளிய போனாங்க. மத்தவங்க உக்காந்துதான் இருந்தாங்க.

மேலத்தெருபையன், தம்பி, நீங்க அன்னிக்கு எழுதுனத எங்கம்மாவுக்கு படிச்சுக் காமிச்சேன். ரெண்டாந்தடவ படிக்கச் சொன்னாங்க.

மேலத்தெருபையன்:
அக்கா, எங்க ஊர்ல கூட்டம் அடுத்த வெள்ளி. 1267 தமிழ்ல முழுசா யாராவது தட்டச்சு பண்ணி போடுங்க, நான் பெரியப்பா முன்னாடி வாசிக்கணும், செல்லுல பாத்து வாசிச்சா மதிக்க மாட்டாங்க.

கடலோரக்காத்து:
நான் அடிச்சு தர்றேன் தம்பி, பெரிய எழுத்துல.

கறுப்புகோட்டு:
ரசீத பெட்டில மட்டும் வைக்காதீங்கம்மா. கார்பன்ல வர்ற எழுத்து நாலஞ்சு வருஷத்துல மங்கிரும். ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து ஒரு நோட்டரிகிட்ட சான்று வாங்கி வையுங்க. நீல நோட்டுக்கும் அதே மாதிரி, ஒவ்வொரு பக்கமும். அந்தத் தாத்தா சொன்னதையும் அவர் இருக்கும்போதே எழுதி கைநாட்டு வாங்கிருங்க, நாள் கடத்தாதீங்க.

வேப்பமரத்தடி:
சரிங்க அண்ணா. ஞாயித்துக்கிழமை ஊருக்கு போறேன், அவரு வீட்டுக்குத்தான் மொதல்ல.